பொது நிலத்தில் ஆமிஷ் உழவர் சந்தை: நகராட்சி இடம் தரலாமா, தந்தால் எந்த நிபந்தனையில்?

கரையோரம் எழுதியது:

நான் வசிக்கும் டவுன்ஷிப் (ஊர் அளவிலான உள்ளாட்சி) அமெரிக்காவின் தென்கிழக்குப் பென்சில்வேனியாவில் இருக்கிறது. லங்காஸ்டர் கவுண்டியை (மாவட்டம் போன்ற பகுதி) சேர்ந்த பத்துப் பன்னிரண்டு ஆமிஷ் குடும்பங்கள், அதாவது காரையும் வீட்டு மின்சாரத்தையும் தவிர்த்து எளிமையாக வாழும் கிறித்தவச் சமூகத்தார், எங்கள் பூங்காவை ஒட்டிய பொது வாகன நிறுத்துமிடத்தில் வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களும் உழவர் சந்தை நடத்த இடம் கேட்டிருக்கின்றன. வாடகை தருவதாகச் சொல்லித்தான் கேட்கிறார்கள்; இலவசமாக அல்ல. இதற்கென நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆதரித்துப் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் கடைத் தின்பண்டங்களான பிரெட்சலைப் பற்றியும் ஷூஃப்ளை பையைப் பற்றியும் பேசினார்கள். ஊருக்கு ஓர் அழகு சேரும் என்றார் ஒருவர். எதிர்த்தவர்கள், வரி கட்டாதவர்களுக்கு நம் வரிப்பணத்தில் போட்ட தரையை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். சமயக் குழு ஒன்றுக்கு அரசு நிலம் தருவது அரசமைப்புக்குப் பொருந்துமா என்றும் சிலர் கேட்டார்கள்.

அந்த அறையில் ஆமிஷ் ஒருவர்கூட இல்லை. இரு தரப்பாரும் அவர்களைக் காட்சிப்பொருளாகவோ தொல்லையாகவோ பார்த்தார்களே ஒழிய, வாடகை கொடுத்துக் கடை போட வரும் வணிகர்களாகப் பார்க்கவில்லை என்பது என்னை மிகவும் உறுத்தியது. எழுத்துவழிக் கருத்து அனுப்ப இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. நான் ஆதரித்து எழுத நினைக்கிறேன்; ஆனால் உணவின் சுவையையோ உடையின் அழகையோ காரணமாகக் காட்டி எழுத மனமில்லை. இத்தகைய சந்தைகள் நடக்கும் ஊர்களில் வாழும் நண்பர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

பழைய பில்லி எழுதியது:

நண்பரே, பொது நிலத்தில் சந்தை என்பது பென்சில்வேனியாவுக்குப் புதிது அல்ல என்பதிலிருந்து தொடங்குங்கள். லங்காஸ்டர் நகரின் நடுவில் இருக்கும் சென்ட்ரல் மார்க்கெட்டுக்கான நிலம் 1730-களில் ஊரை அளந்து மனை பிரித்தபோதே சந்தைக்கென்று ஒதுக்கப்பட்டது. 1742-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் வந்த பட்டயம் அங்கே வாரச் சந்தை நடத்தும் உரிமையை உறுதிப்படுத்தியது. இன்று நாம் பார்க்கும் செங்கற் கட்டடம் 1889-இல் எழுந்தது. கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம். அன்றாட நிர்வாகம் இலாப நோக்கில்லாத ஓர் அறக்கட்டளையின் பொறுப்பு. அதற்குள் ஆமிஷ் கடைகளும் இருக்கின்றன, அவர்களுக்கு நெருங்கிய கிறித்தவப் பிரிவான மென்னோனைட் மக்களின் கடைகளும் இருக்கின்றன, வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் உணவுக் கடைகளும் இருக்கின்றன. நகரம் ஆமிஷ் மக்களுக்கு இடம் தந்திருக்கிறது என்று அங்கே யாரும் பேசுவதில்லை. நகரம் சந்தைக்கு இடம் தந்திருக்கிறது, சந்தையில் ஆமிஷ் மக்களும் கடை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்பதற்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றும். உங்கள் ஊரின் சிக்கல் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு எங்கள் பிலடெல்ஃபியாவின் ரீடிங் டெர்மினல் மார்க்கெட். ரயில் நிறுவனம் நிலையம் கட்ட வந்தபோது அங்கே ஏற்கெனவே இருந்த சந்தை வணிகர்கள் இடத்தை விட்டுப் போக மறுத்தார்கள். அதனால் மேலே ரயில் தடமும் கீழே சந்தையுமாக 1893-இல் திறந்தார்கள். ரயில் நிறுவனம் நொடித்த பிறகு சந்தையும் பாழடைந்து கிடந்தது. 1980-களில் அதை மீட்டெடுத்த முயற்சிகளில் லங்காஸ்டர்ப் பகுதி ஆமிஷ் குடும்பங்களை அழைத்து வந்து கடை போடச் செய்ததும் ஒன்று. 1990-இல் அதைப் பென்சில்வேனியா மாநாட்டு மைய ஆணையம் வாங்கியது; ஆகவே அதுவும் பொது உடைமைதான். வடமேற்கு மூலையில் அந்த ஆமிஷ் குடும்பங்களின் டோனட், இறைச்சி, ஊறுகாய்க் கடைகள் வரிசையாக இருக்கும். ஊறுகாய்ப் பலகையில் சௌசௌ என்று எழுதியிருந்தால் நம் பெங்களூர்க் கத்திரிக்காயைத் தேட வேண்டாம்; அது பல காய்களையும் பயறுகளையும் புளிக்காடியில் இட்ட கலவை.

நடுநிலை எழுதியது:

நான் இதை எதிர்க்கிறேன். என் காரணத்தைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆமிஷ் மக்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மேலே சொன்ன இரண்டும் நகரம் நடத்தும் பொதுச் சந்தைகள். பல வகை வணிகர்கள் அவற்றுக்குள் இருக்கிறார்கள். இங்கே கேட்கப்படுவது அப்படியல்ல. ஒரே சமயத்தைச் சேர்ந்த குழு, தன் சமயப் பெயரையே பலகையில் எழுதி, பொது நிலத்தைக் கேட்கிறது. நாளை ஒரு கோவில் நிர்வாகமோ பள்ளிவாசல் நிர்வாகமோ அதே நிறுத்துமிடத்தை வாரம் இரு நாள் கேட்டால் இதே ஊர் இதே புன்னகையோடு கொடுக்குமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. நம்மைப் போன்று சிறுபான்மைச் சமயத்தவராக இந்நாட்டில் வாழ்பவர்கள்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கலும் இருக்கிறது. ரீடிங் டெர்மினல் ஞாயிறும் திறந்திருக்கிறது, ஆமிஷ் கடைகள் மட்டும் மூடியிருக்கின்றன. பொது நிலத்தில் ஒரு குழுவின் ஓய்வுநாளுக்கு நிர்வாகம் வளைந்து கொடுக்கலாமா?

வரிக்கணக்கர் எழுதியது:

சமயத்தைப் பற்றிய கேள்விக்கு வேறொருவர் விடை சொல்லட்டும். வரி கட்டாதவர்கள் என்ற பேச்சை மட்டும் இங்கேயே முடித்துவிடுவோம். கால் நூற்றாண்டாக இந்த நாட்டில் வரிக் கணக்குப் பார்க்கும் என் காதுக்கு அது சகிக்கவில்லை.

ஆமிஷ் மக்கள் வருமான வரி கட்டுகிறார்கள். சொத்து வரி கட்டுகிறார்கள். அச்சொத்து வரியில் பள்ளி வரியும் அடங்கும். தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்புவரை தாங்களே நடத்தும் ஓரறைப் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டே, நம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கும் பணம் தருகிறார்கள். விற்பனை வரியும் கட்டுகிறார்கள். விலக்கு ஒன்றே ஒன்றுதான்: சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஆகிய இரண்டுக்குமான பங்களிப்பு. முதியவரையும் நோயாளியையும் தாங்குவது திருச்சபையின் கடமை, அதை அரசுக் காப்பீட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1965-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், சுயதொழில் செய்வோருக்கு மட்டும் அந்த விலக்கை வழங்கியது. ஆட்களை வேலைக்கு வைத்திருந்த ஓர் ஆமிஷ் தச்சர் அதே விலக்கைக் கேட்டபோது, 1982-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. 1988-இல்தான், முதலாளியும் தொழிலாளியும் இருவருமே அந்நம்பிக்கையினராக இருந்தால் இருவருக்கும் விலக்கு உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது. செலுத்தாத பங்களிப்புக்கு ஈடாக ஓய்வூதியத்தையும் மெடிகேரையும் அவர்கள் பெறுவதும் இல்லை. இதில் உங்கள் ஊரின் வாகன நிறுத்துமிடத் தார்த்தரைக்கு என்ன நட்டம்?

பழைய பில்லி எழுதியது:

நடுநிலை ஐயா கேட்டது நேர்மையான கேள்வி. அதற்கு நேரான விடை தர முயல்கிறேன்.

தக்காளி விற்பது வழிபாடு அல்ல. விற்பவர் எந்த நம்பிக்கையினர் என்பதை வைத்து அவருக்கு இடம் மறுப்பதும், அதை வைத்தே இடம் கொடுப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை நினைவூட்டுகிறேன். 1961-இல் மேரிலாந்தின் ஞாயிறு கடையடைப்புச் சட்டத்தை, அது இப்போது எல்லாருக்கும் பொதுவான ஓய்வுநாளாகிவிட்டது என்று கூறி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1985-இலோ, தொழிலாளி தன் சமய ஓய்வுநாள் என்று குறிப்பிடும் நாளில் எந்நிலையிலும் வேலை வாங்கக் கூடாது என்ற கனெக்டிகட் சட்டத்தைச் செல்லாது என்றது. மற்றவர்களின் நலனைச் சற்றும் எண்ணாமல் சமயக் காரணத்துக்கு மட்டும் முழு முன்னுரிமை கொடுத்தது அச்சட்டத்தின் குறை. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஊராருக்கு வழி தெரியும். எந்தக் கடைக்காரரும் வாரத்தில் இன்ன நாள் மூடுவேன் என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று பொதுவாக விதி வைத்தால், ஞாயிறு மூடும் ஆமிஷ் கடையும் சனி மூடும் யூதர் கடையும் அதே விதிக்குள் அடங்கிவிடும். கடவுள் பெயரையே எடுக்க வேண்டியதில்லை.

அவர்களோடு நாள் குறித்துப் பேசும்போது ஞாயிறு மட்டும் கணக்கு அல்ல என்பதையும் ஊரார் அறிந்திருக்க வேண்டும். லங்காஸ்டர் ஆமிஷ் திருமணங்கள் அறுவடை முடிந்து, நவம்பரை ஒட்டிய வாரங்களில் பெரும்பாலும் செவ்வாயிலும் வியாழனிலும் நடக்கும். ஒரு திருமணத்துக்கு முந்நூறு, நானூறு பேர் கூடுவார்கள். அந்த வாரங்களில் ஆள் கிடைக்காமல் கடை மூடியிருந்தால் ஒப்பந்த மீறல் என்று யாரும் கடிதம் அனுப்பக் கூடாது.

செசபீக் தோழி எழுதியது:

நான் மேரிலாந்தில் வார இறுதிச் சந்தைகளில் ஏழு ஆண்டுகளாகக் கடை போடுகிறேன்; கீரை, வெண்டை, கறிவேப்பிலைக் கன்று ஆகியவை என் சரக்கு. ஆகவே பக்கத்துக் கடைக்காரியாகப் பேசுகிறேன்.

தென் மேரிலாந்தின் செயின்ட் மேரிஸ் கவுண்டியில் 1940-ஐ ஒட்டி லங்காஸ்டரிலிருந்து குடிபெயர்ந்த ஆமிஷ் மக்கள் வாழ்கிறார்கள். பள்ளிச் சட்டங்களில் இருந்த நெருக்கடியும் அக்குடிபெயர்வுக்கு ஒரு காரணம். சார்லட் ஹால் பொது நூலகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் அவர்கள் பல ஆண்டுகள் காய்கறி விற்றார்கள். குதிரைவண்டி ஒரு பக்கம், நூலகத்துக்கு வந்த கார்கள் மறுபக்கம் என்று அந்த இடம் நிறைந்திருக்கும். பின்னர் கவுண்டியே தன் நிலத்தில் களஞ்சியம் போன்ற சந்தைக் கட்டடத்தை அமைத்தது. நூலகத்துக்கு வருபவருக்கு வண்டி நிறுத்த இடம் இல்லை என்ற முறையீடு எழுந்தால், அது ஆமிஷ் வெறுப்பு அல்ல, அது இடநெருக்கடி. கரையோரம் அண்ணா, உங்கள் கடிதத்தில் எதிர்ப்பவர்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் போன்ற சிறு விவசாயிகளுக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. அது மறுவிற்பனை. ஆமிஷ் என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆர்கானிக் என்று எழுதச் சான்றிதழ் வேண்டும், ஆமிஷ் என்று எழுத எதுவும் வேண்டாம். மொத்த ஏலத்தில் எடுத்த தக்காளியை அந்தப் பலகைக்குக் கீழே வைத்தால் வாங்குபவர், விற்பவரின் தோட்டத்தில் விளைந்தது என்றே நினைப்பார். ஆமிஷ் தோட்டம் என்றால் மருந்து அடிக்காதது என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. அதுவும் சரியல்ல, மருந்து அடிக்கும் ஆமிஷ் விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் மறைப்பதும் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாம்தான் கேட்பதில்லை. மே மாதத் தொடக்கத்தில் என் கடைக்கு எதிர்க் கடையில் மலைமலையாகத் தக்காளி குவிந்திருந்ததைப் பார்த்து, என் செடியில் அப்போதுதான் பூ விட்டிருந்த நிலையில், அன்று மாலை நான் அழுதிருக்கிறேன். அந்தக் கடைக்காரர் ஆமிஷ் அல்லர். பலகையில் மட்டும் அந்தப் பெயர் இருந்தது.

தன் நிலத்தில் விளைந்ததை மட்டுமே விற்க வேண்டும், அல்லது வெளிச்சரக்கு என்றால் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று எழுதி வைக்க வேண்டும் என்ற விதியை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். நேர்மையான ஆமிஷ் விவசாயிக்கும் அதுதான் காப்பு.

ஓஹையோ வாசி எழுதியது:

குதிரையைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். லங்காஸ்டரிலிருந்து தொலைவான சந்தைகளுக்கு வருபவர்கள் குதிரைவண்டியில் வருவதில்லை; கார் ஓட்டுவது விலக்கு என்பதால், ஆமிஷ் அல்லாத ஓட்டுநரை வாடகை வேனோடு அமர்த்திக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். ஆகவே உங்கள் ஊரில் அந்தச் சிக்கல் எழாது. இங்கே ஹோம்ஸ் கவுண்டியில் குதிரை இன்றி எதுவும் இல்லை. மில்லர்ஸ்பர்க் நகர நடுவிலேயே குதிரை கட்டும் கம்பிகளை நிறுவியிருக்கிறார்கள், குதிரைச் சாணமான இலத்தியைக் குறித்த முணுமுணுப்பும் அவ்வப்போது எழும், அதோடு அடங்கும். கெண்டக்கியின் ஆபர்ன் என்ற சிற்றூரிலோ, தெருவில் செல்லும் குதிரைக்கு இலத்திப் பை கட்ட வேண்டும் என்று ஊர்மன்றம் சட்டம் போட்டது. குதிரை மிரளும், எங்கள் சபை ஒழுங்குக்கும் பொருந்தாது என்று அங்கிருந்த ஆமிஷ் ஆண்கள் மறுத்தார்கள். அபராதம் விதித்தார்கள், அதையும் கட்ட மறுத்துச் சிலர் சிறைக்குப் போனார்கள். விதி போடும் முன்னர் அந்தக் குடும்பங்களின் களத்தில் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஓஹையோ நண்பர் கடைசியாக எழுதியதைப் படித்தபின் சென்ற சனிக்கிழமை காலை லங்காஸ்டருக்கே போய், எங்கள் ஊரில் இடம் கேட்டிருக்கும் குடும்பம் ஒன்றைச் சந்தித்தேன். பெயரோ ஊரோ எழுதமாட்டேன். படம் எடுப்பதை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்பதால் கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டேன். மேடையேறி வாதாடி ஓர் உரிமையைப் பெறுவது எங்களுக்குப் பழக்கம் இல்லை. இடம் கொடுத்தால் வருவோம், கொடுக்காவிட்டால் வேறு ஊர் பார்ப்போம் என்றார் அந்த வீட்டுப் பெரியவர். வழக்குத் தொடுப்பதையும் அவர்கள் சமய ஒழுங்கு விரும்புவதில்லை. பேச வராதவர்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசி முடிவெடுப்பது எப்படி முறையாகும் என்ற கேள்வி என் மனத்தை விட்டுப் போகவில்லை.

சந்தை அவர்களுக்கு ஏன் தேவை என்பதும் அங்கே போனபிறகுதான் எனக்குத் தெளிவாயிற்று. அச்சமூகத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, நிலமோ வளர்வதில்லை. லங்காஸ்டரில் பண்ணை விலை ஏறிவிட்டது. பால் விலை சிறு பண்ணைக்குக் கட்டுப்படியாகவில்லை. இன்று அங்கே ஆமிஷ் குடும்பத் தலைவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே விவசாயத்தை முழுத்தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் தச்சுப்பட்டறை, கட்டட வேலை, சந்தைக் கடை என்று போய்விட்டார்கள். சந்தைக் கடை குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்கிறது என்றார் அந்த வீட்டு அம்மா. பிள்ளைகளும் கடையில் நிற்பதைக் கூட்டத்தில் ஒருவர் குறையாகச் சொன்னார். பெற்றோருக்கே முழுதும் சொந்தமான தொழிலில், ஆபத்தான வேலையும் உற்பத்திக்கூட வேலையும் நீங்கலாக, பிள்ளைகள் உதவுவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுப்பதில்லை.

எந்த நிபந்தனை கடினமாக இருக்கும் என்றும் கேட்டேன். நான் எதிர்பார்த்தது மின்சாரம், விடை அதுவல்ல. வாடகை இடத்தில் ஏற்கெனவே இருக்கும் மின்சாரத்தைப் பயன்படுத்துவதை அவர்கள் சபை ஒத்துக்கொள்கிறது; வீட்டில் இழுத்துக்கொள்வதைத்தான் ஒத்துக்கொள்ளாது. கடினமானது காப்பீடு. எங்கள் டவுன்ஷிப் வரைவு ஒப்பந்தம், ஒவ்வொரு கடைக்காரரும் வணிகக் காப்பீட்டு நிறுவனத்திடம் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்கிறது. அவர்களோ தீவிபத்துக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் தங்களுக்குள் நிதி திரட்டிக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். சிலர் வணிகக் காப்பீடு எடுப்பார்கள், சிலர் எடுக்கமாட்டார்கள். சந்தை முழுவதற்கும் சேர்த்து, சந்தையை நடத்தும் அமைப்பு ஒரே காப்பீட்டை எடுத்து, அதன் செலவை வாடகையில் பிரித்துச் சேர்த்தால் யாருக்கும் சிக்கல் இல்லை. உணவு உதவி அட்டைக்கும் அதே வழிதான்: நடத்துபவரின் மேசையில் ஒரே கருவி இருக்கும், அங்கே அட்டையைத் தேய்த்து வில்லை வாங்கிக்கொண்டு எந்தக் கடையிலும் கொடுக்கலாம். பல சந்தைகளில் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு அது.

ஆகவே என் கடிதத்தை இப்படி எழுதியிருக்கிறேன். இடம் கேட்கும் விண்ணப்பத்தை ஆமிஷ் சந்தை என்ற பெயரில் ஏற்க வேண்டாம். டவுன்ஷிப்பின் உழவர் சந்தை என்று அறிவித்து, கடைகளுக்கு எல்லாரிடமும் விண்ணப்பம் கேட்க வேண்டும். வாடகையை அடிக் கணக்கில் ஒரே விகிதமாக வைக்க வேண்டும். விளைந்த இடத்தை எழுதி வைக்கும் விதியைத் தோழி சொன்னபடியே சேர்த்திருக்கிறேன். மூடும் நாளை விருப்பப்படி குறிக்கும் உரிமை, சந்தை முழுவதற்கும் ஒரே காப்பீடு, இறைச்சிக்கும் பாலுக்கும் மாநில வேளாண் துறை உரிமம். பச்சைப் பால் விற்பனைக்குப் பென்சில்வேனியாவில் உரிமம் உண்டு. உரிமம் இல்லாதவர் அதைக் கொண்டுவரக் கூடாது என்பதில் தயக்கம் வேண்டாம். பூங்காவுக்கு வரும் குடும்பங்களுக்காக நிறுத்துமிடத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கயிறு கட்டி ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவெடுக்கும் முன் டவுன்ஷிப் அலுவலர் ஒருவர் லங்காஸ்டருக்குச் சென்று அக்குடும்பங்களை நேரில் கேட்டு, அவர்கள் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

நடுநிலை எழுதியது:

எல்லாருக்கும் திறந்த விண்ணப்பம், பெயரில் சமயம் இல்லை என்ற இரண்டும் இருக்குமானால் என் எதிர்ப்பு நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்று: விண்ணப்பம் பொதுவாக அறிவிக்கப்பட்டாலும், முதல் ஆண்டில் முன்பே கேட்டவர்களுக்கே எல்லாக் கடைகளும் போய்விட்டால் எழுத்தில் மட்டுமே பொதுவாக இருக்கும். கடைகளில் நான்கில் ஒரு பங்கையாவது புதிதாக வருபவர்களுக்கென்று முதல் ஆண்டில் ஒதுக்கி வைக்கும்படி எழுதுங்கள். அவ்வரியைச் சேர்த்தால் நானும் கையெழுத்திடுகிறேன்.

கரையோரம் எழுதியது:

சேர்த்துவிட்டேன், ஐயா. காப்பீட்டு வரிக்கு முன்னால், ஐந்தாவது நிபந்தனையாக இருக்கிறது. புதன்கிழமை மாலைக்குள் கையெழுத்துகள் வந்துவிட்டால் வியாழன் காலை நானே அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிடுவேன்.

செசபீக் தோழி எழுதியது:

நான் உங்கள் ஊர்க்காரி அல்லள், கையெழுத்து செல்லாது. சந்தை தொடங்கினால், புதிதாக வருபவர்களுக்கான அந்த நான்கில் ஒரு பங்கில் என் கறிவேப்பிலைக் கன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். எல்லை தாண்டிக் கன்று கொண்டுவர மாநில வேளாண் துறையின் நாற்றங்கால் விதிகளைப் பார்க்க வேண்டும். அதை இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.